விபத்து முடிந்தது, படபடப்பு முடியவில்லை: மூளை ஏற்பிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை இரவில், பின்னால் வந்த லாரி பிரேக் பிடித்து என் வண்டியின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. எனக்குக் கீறல்கூட இல்லை. அன்றைக்கே டீக்கடையில் அதைக் கதையாகச் சொல்லிச் சிரித்தேன். இரண்டு வாரம் போயிருக்கும். சமையலறையில் குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் 'உஸ்ஸ்' என்று ஆவி விடுமே, அதைக் கேட்டதும் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. லாரியின் ஏர் பிரேக்கும் அப்படித்தான் 'உஸ்ஸ்' என்றது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிறேன். நான் டாக்டர் இல்லை. அறிவியல் செய்திகளைத் தமிழில் எழுதுகிறவன். நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

ஏற்பி என்றால் என்ன?

டாக்டர்கள் ரிசெப்டார் என்று சொல்வதுதான். பெரும்பாலும் நரம்பு செல்லின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் புரதம். ஒரு செல் வெளியிடும் ரசாயனம் அடுத்த செல்லில் தனக்குரிய ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டால்தான் அந்தச் செல்லுக்குச் சேதி போய்ச் சேரும். பள்ளிக்கூடத்தில் இதைப் பூட்டும் சாவியும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பாதி சரி. பூட்டு கதவிலேயே இருக்கும். ஏற்பி அப்படிக் கிடையாது. செல் சில ஏற்பிகளை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், சிலவற்றை மறுபடி வெளியே தள்ளும், தேவைப்பட்டால் புதிதாகச் செய்துகொள்ளும். அதனால் அதே அளவு ரசாயனம் வந்தாலும் போன மாதம் சும்மா இருந்த செல் இந்த மாதம் அலறலாம். கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இந்த ஒரு விஷயம் அடிப்படை.

மன அழுத்தம் வந்ததும் மூளையில் என்ன நடக்கிறது?

முதல் சில நொடிகளில் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் பாய்கிறது. கண் விரிவது, இதயம் வேகமெடுப்பது எல்லாம் அதன் வேலை. அதோடு கூடவே மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ், சிஆர்எஃப் என்ற சிறு புரதத்தை விடுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, சில நிமிடங்களில் ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது.

இந்த சிஆர்எஃப் கிடைத்த கதை சுவாரசியமானது. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1950களிலேயே ஊகித்துவிட்டார்கள். ஆனால் அதைப் பிரித்தெடுத்து, 41 அமினோ அமிலங்கள் கொண்டது என்று காட்டியது 1981இல்தான். கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் வைலி வேல் குழுவினர் அதற்காக லட்சக்கணக்கான ஆடுகளின் ஹைபோதலாமஸைச் சேகரிக்க வேண்டியிருந்தது.

அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. சிஆர்எஃப் பிட்யூட்டரிக்கு ஓலை கொண்டுபோவதோடு நிற்பதில்லை. பயத்தைக் கையாளும் அமிக்டலா உட்பட மூளையின் பல இடங்களில் அதற்கு ஏற்பி இருக்கிறது. அவற்றில் ஒரு வகையான சிஆர்எஃப்1 ஏற்பி இல்லாமல் எலிகளைப் பிறக்கச் செய்தபோது அவை மற்ற எலிகளைவிடக் குறைவாகவே பயந்தன. இது 1998இல் வெளியானது. பதற்றத்துக்கான பூட்டு கிடைத்துவிட்டது என்று அப்போது பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை என்ன ஆனது என்பது கீழே வருகிறது.

நடந்த அன்று நன்றாக இருந்தவருக்குப் பத்து நாள் கழித்துப் பயம் வருவது ஏன்?

என்னிடம் கேட்கப்பட்டதிலேயே இதுதான் நல்ல கேள்வி. நல்ல பதில் பெங்களூரிலிருந்து வருகிறது. அங்கே தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியும் அவர் குழுவினரும் எலிகளை வைத்து இதையே பல ஆண்டுகள் துருவியிருக்கிறார்கள்.

சோதனை எளிமையானது. ஒரு எலியை ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரம் அசையவிடாமல் வைக்கிறார்கள். அப்புறம் கூண்டில் விட்டுவிடுகிறார்கள். வேறு தொந்தரவு கிடையாது. மறுநாள் அதன் பயத்தை அளக்கிறார்கள். பத்தாம் நாள் இன்னொரு முறை.

பயத்தை எப்படி அளப்பது? தரையிலிருந்து உயரத்தில், கூட்டல் குறி வடிவத்தில் ஒரு மேடை. எதிரெதிரான இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு. மற்ற இரண்டும் திறந்த பலகை. எலியை நடுவில் விடுவார்கள். எலிக்குத் திறந்தவெளி பிடிக்காது, ஆனால் புது இடத்தை மோப்பம் பிடிக்காமலும் இருக்காது. சாதாரண எலி சுவரோரம் பதுங்கும், கொஞ்ச நேரத்தில் திறந்த பலகைக்கு வரும், எட்டிப் பார்க்கும், திரும்பும். பதற்றமுள்ள எலி சுவருக்குள்ளேயே கிடக்கும்.

மறுநாள் அந்த எலிகளிடம் வித்தியாசம் இல்லை. பத்தாம் நாள் அவை திறந்த பலகையைத் தவிர்த்தன. மூளையைப் பார்த்தபோது, அமிக்டலாவின் ஒரு பகுதியில் நரம்புக் கிளைகளின் மேல் இருக்கும் குட்டி முளைகள் அதிகமாகியிருந்தன. ஸ்பைன் என்பார்கள். சேதி வாங்கும் ஏற்பிகள் குவிந்திருக்கும் இடம் அது. முளை கூடினால் இணைப்பும் கூடுகிறது. இந்த முளைகளும் முதல் நாளில் கூடவில்லை. பத்தாம் நாளில்தான் கூடியிருந்தன. இது 2005இல் வெளியானது.

எலிக்கு டீக்கடை இல்லை, அவ்வளவுதான். மற்றபடி என் கதையும் அதன் கதையும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தது.

அந்தப் பத்து நாளுக்கு ஆரம்பப் புள்ளி எது?

என்எம்டிஏ என்ற ஏற்பி. குளூட்டமேட் என்ற ரசாயனத்தை வாங்குவது. மூளை எதைக் கற்றுக்கொள்ளவும் இது வேண்டும். சேதியும் வந்து, அதே சமயம் செல்லும் ஏற்கெனவே கிளர்ந்திருந்தால் மட்டுமே இது முழுதாகத் திறக்கும், திறந்தால் கால்சியம் உள்ளே பாயும், இணைப்பு பலப்படும். இரண்டும் சேர்ந்து நடந்தால் 'இதை ஞாபகம் வைத்துக்கொள்' என்று அர்த்தம்.

பெங்களூர்க் குழு 2016இல் இதைச் சோதித்தது. எலி அந்த இரண்டு மணி நேரம் கட்டுண்டிருக்கும்போதே அதன் அமிக்டலாவில் என்எம்டிஏ ஏற்பியை மருந்தால் அடைத்தார்கள். பத்தாம் நாள் பார்த்தால் முளை கூடவில்லை, சேதிப் போக்குவரத்தும் பலப்படவில்லை. அதாவது விதை முதல் நாளே விழுந்துவிடுகிறது. நாம் சிரித்துக்கொண்டு டீ குடிக்கும்போது அது உள்ளே வேர்விட்டுக்கொண்டிருக்கிறது.

அமிக்டலாவில் இணைப்பு கூடினால் சத்தம், வெளிச்சம், வாசனை என்று வருகிற பலதும் ஆபத்து என்றே படும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது இதைத்தான்.

கார்டிசால்தான் வில்லன் என்கிறார்களே?

யூடியூபில் கார்டிசாலைத் திட்டாத ஆள் இல்லை. உண்மை அவ்வளவு நேரானது இல்லை.

கார்டிசாலுக்கு மூளையில் இரண்டு வகை ஏற்பி. ஒன்று அதைச் சுமார் பத்து மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். சாதாரண நாளிலேயே நிரம்பிவிடும். மற்றது தளர்வாகப் பிடிக்கும். கார்டிசால் நிறைய ஏறும்போதுதான் வேலைக்கு வரும். மூளைக்கு, 'ஆபத்து முடிந்தது, சைரனை நிறுத்து' என்று சொல்வதில் இந்த இரண்டாவதற்குப் பெரிய பங்கு உண்டு. கார்டிசால் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸில் இந்த ஏற்பிகள் அதிகம். எலிகளில் இந்த வகை ஹார்மோன் அங்கே போய்த் தங்குகிறது என்று நியூயார்க்கின் ராக்பெஃபல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்வென் காட்டியது 1968இல்.

நாள்பட்ட அழுத்தத்தில் கார்டிசால் கெடுதல் செய்வது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு அதிர்ச்சிக்குப் பிறகு கதை மாறுகிறது. எலிகளுக்கு முன்கூட்டியே குடிதண்ணீரில் அந்த ஹார்மோனைக் கலந்துகொடுத்தபோது பத்தாம் நாள் பயம் வரவில்லை என்று 2012இல் அதே பெங்களூர்க் குழு கண்டது. ஜெர்மனியின் மியூனிக்கில் குஸ்தாவ் ஷெல்லிங் என்ற மருத்துவர் அதற்கு முன்பே மனிதர்களில் இதைக் கவனித்திருந்தார்: ரத்தத்தில் கிருமி பரவித் தீவிர சிகிச்சையில் கிடந்தவர்களில், கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் பெற்றவர்களுக்குப் பிற்பாடு அதிர்ச்சிக் கோளாறு (பிடிஎஸ்டி என்பார்கள்; அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடரும் பயமும் திடுக்கிடலும்) குறைவாக வந்தது. நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பி, பல பத்தாண்டுகளாக அதிர்ச்சிக் கோளாறோடு வாழ்ந்தவர்களிடம் அமெரிக்க ஆய்வாளர் ரேச்சல் யெஹூடா கண்டதும் குறைவான கார்டிசாலைத்தான்.

ஆக, 'கார்டிசால் குறைக்கும் பொடி' என்று யாராவது விற்றால் காசைப் பையிலேயே வையுங்கள்.

செரோடோனின் இதில் எங்கே வருகிறது?

செரோடோனினும் நரம்பு செல்கள் சேதி அனுப்பும் ஒரு ரசாயனம்தான். அது வருவது, இரண்டு ஏற்பிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடத்தில். கனடாவின் லண்டன் நகரில் ஸ்டீஃபன் ஃபெர்குசன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இது. அழுத்தத்தின்போது சிஆர்எஃப்1 ஏற்பி தூண்டப்பட்டால், செல்லுக்குள் ஓய்வாகக் கிடந்த ஒருவகை செரோடோனின் ஏற்பிகள் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. அதன் பிறகு வழக்கமாக வரும் செரோடோனினுக்கே செல் கூடுதலாகத் துள்ளுகிறது. அந்த செரோடோனின் ஏற்பியை அடைத்ததும் சுண்டெலிகளின் பதற்றம் குறைந்தது. ஏற்பிகள் இடம் மாறும் என்று முதலில் சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நான் படித்ததில்லை.

அப்படியானால் சிஆர்எஃப் ஏற்பியை அடைக்கும் மாத்திரை இருக்க வேண்டுமே?

பல கம்பெனிகள் அந்த மாத்திரைக்காகப் பணத்தைக் கொட்டின. எலிகளில் பிரமாதமாக வேலை செய்தது. மனிதர்களில் சோதித்தபோது ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தது. பொதுவான பதற்றக் கோளாறுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை. அதிர்ச்சிக் கோளாறு உள்ள 128 பெண்களிடம் சோதித்து 2017இல் வெளியான முடிவும் அதே.

ஏன் தோற்றது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்குச் சரியென்று படுவது இது: சிஆர்எஃப் ஏற்பி, தீ பற்றும் நேரத்தில் முக்கியம். சோதனைக்கு வந்தவர்களோ தீ பற்றிப் பல வருடம் ஆனவர்கள். அதற்குள் மற்ற ஏற்பிகளும் இணைப்புகளும் மாறி உறைந்துவிட்டிருக்கும். தீக்குச்சியைப் பிடுங்கி என்ன பயன்?

கதைக்கு ஒரு வால் உண்டு. இதே ஏற்பியை அடைக்கும் கிரினெசர்ஃபோன்ட் என்ற மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பதற்றத்துக்கு இல்லை, பிறவியிலேயே அட்ரினல் சுரப்பி சரியாக வேலை செய்யாத ஒரு நோய்க்கு.

டயசிபாம், அல்பிரசோலம் எல்லாம் உடனே அமைதி தருகிறதே?

தரும். அவை பிடிப்பது காபா ஏற்பியை. காபா மூளையின் பிரேக்; இந்த மாத்திரைகள் அந்த பிரேக்கை இன்னும் அழுத்திக்கொடுக்கின்றன. டயசிபாம் சந்தைக்கு வந்தது 1963இல். அது மூளையில் எங்கே ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தது 1977இல். அதுவரை பதினான்கு வருடம் ஏன் வேலை செய்கிறது என்று சரியாகத் தெரியாமலேயே கோடிக்கணக்கானவர்கள் சாப்பிட்டார்கள்.

தொடர்ந்து சாப்பிட்டால் ஏற்பிகள் மாத்திரைக்குப் பழகிவிடும். அப்போது மாத்திரையைத் திடீரென்று விட்டால் பழைய படபடப்பு இரட்டிப்பாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். ஆகவே நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் பதற்றத்துக்காக இந்த வகை மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது. 'தூங்கட்டும் பாவம்' என்று பக்கத்து வீட்டு மாமா தன் மாத்திரையில் பாதியை உடைத்துக்கொடுப்பது நம் ஊரில் இன்றும் நடக்கிறது. அன்புதான். ஆனாலும் வாங்காதீர்கள்.

மேடை நடுக்கத்துக்குக் கொடுக்கும் புரொப்ரனலால் உதவுமா?

அது நார்அட்ரினலினின் பீட்டா ஏற்பியை அடைக்கும்; கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் குறையும். 1994இல் அமெரிக்காவில் லாரி காஹிலும் ஜேம்ஸ் மெக்காவும் செய்த ஆய்வில், இந்த மாத்திரை சாப்பிட்டுவிட்டு ஒரு விபத்துக் கதையைக் கேட்டவர்களுக்குக் கதையின் சாதாரணப் பகுதிகள் மற்றவர்களைப்போலவே நினைவிருந்தன. மனதை உலுக்கும் பகுதி மட்டும் தனியாக ஆழப் பதியவில்லை. அதனால் விபத்து நடந்ததும் கொடுத்தால் பிற்காலப் பயத்தைத் தடுக்கலாம் என்று பலர் முயன்றார்கள். முடிவுகள் நிலையாக இல்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆபத்து.

ஒரே பேருந்தில் இருந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது?

இருவரும் ஒரே ஏற்பிகளோடு அந்தப் பேருந்தில் ஏறவில்லை. பிறவியிலும் வளர்ப்பிலும் வித்தியாசம் உண்டு.

எஃப்கேபிபி5 என்று ஒரு புரதம். கார்டிசால் ஏற்பியோடு சேர்ந்துகொண்டு அதன் காதை மந்தமாக்கும். இந்த மரபணுவின் சில வடிவங்களை உடையவர்கள் குழந்தைப் பருவத்தில் கொடுமையும் அனுபவித்திருந்தால், பெரியவர்களானபின் அதிர்ச்சிக் கோளாறின் அறிகுறிகள் அவர்களிடம் அதிகம் என்று அட்லாண்டா நகரில் நடந்த ஆய்வு 2008இல் காட்டியது. மரபணு மட்டும் போதாது; கொடுமை தனியாகவே அறிகுறிகளைக் கூட்டும். இரண்டும் சந்தித்தால் இன்னும் கூடும்.

வளர்ப்புக்கு வந்தால், மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் 2004இல் வெளியிட்ட எலி ஆய்வை எனக்கு மறக்க முடியாது. குட்டிகளை நிறைய நக்கிக்கொடுக்கும் தாய் எலிகள் உண்டு, கண்டுகொள்ளாதவையும் உண்டு. நக்கிக்கொடுக்கப்பட்ட குட்டிகளின் ஹிப்போகாம்பஸில் கார்டிசால் வகை ஹார்மோனுக்கான ஏற்பிகள் கூடுதல். வளர்ந்தபின் அவை சீக்கிரம் அமைதியாகின. குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தால் ஏற்பியும் வளர்ப்புத் தாயைப் பொறுத்தே அமைந்தது. அந்த மரபணுவின் மேல் ஒட்டும் ரசாயனக் குறிகள் தாயின் நாக்கால் மாறியிருந்தன. இதைப் படித்த அன்று, என்னை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பாட்டியை வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை.

மாறிய ஏற்பிகள் பழையபடி திரும்புமா?

முதலில் கெட்ட செய்தி. எலிகளைப் பத்து நாள், தினம் இரண்டு மணி நேரம் அழுத்தத்துக்கு உள்ளாக்கிவிட்டு, 21 நாள் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸில் சுருங்கிய நரம்புக் கிளைகள் மீண்டன. அமிக்டலாவில் வளர்ந்தவை அப்படியே இருந்தன; பதற்றமும் அப்படியே. 2004இல் வெளியான முடிவு. சும்மா லீவு போட்டுப் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்று எண்ணுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

நல்ல செய்தி: பயத்தைக் கற்ற அதே என்எம்டிஏ ஏற்பியே, 'இது ஆபத்து இல்லை' என்று கற்கவும் வேண்டும். பயந்த பொருளை, பாதுகாப்பான இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்பச் சந்திக்க வைக்கும் சிகிச்சை இந்த வழியில்தான் வேலை செய்கிறது. பழைய பயம் அழிவதில்லை. அதன் மேல் புதுப் பாடம் எழுதப்படுகிறது. அதனால்தான் நன்றாக இருந்தவருக்குக் களைப்பான ஒரு நாளில் திடீரென்று எட்டிப் பார்க்கும்.

நான் போன மனநல ஆலோசகர் எனக்குச் சொன்னது: குக்கர் பக்கத்தில் போய் நில்லுங்கள், சத்தம் வரும்போது ஓடாதீர்கள், விசில் அடங்கும்வரை இருங்கள். முதல் நாள் சமையலறை வாசலில் நின்றேன். மூன்றாம் வாரம் நானே பருப்பு வைத்தேன். ஐந்தாறு விசில் விட்டுக் குழைந்துவிட்டது, அது வேறு.

மருந்து தேவைப்படுகிறவர்களும் உண்டு. செர்ட்ராலின், பராக்ஸிடின் போன்றவை அதிர்ச்சிக் கோளாறுக்குப் பயன்படுகின்றன. பலன் தெரியப் பல வாரம் ஆகும். ஏற்பிகள் மெதுவாக ஒழுங்குக்கு வருவதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இரண்டாம் நாளே 'ஒன்றும் கேட்கவில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் பெரும்பாலானவர்களுக்கு உண்டு; பலருக்குத் தானாகவே அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்தையே சுற்றிப் போவது, வேலையில் மனம் ஒட்டாமை எல்லாம் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியாது. ஏற்பிகளை எண்ணிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் லேபில் கிடையாது. பெட் ஸ்கேனில் சில ஏற்பிகளைப் பார்க்க முடியும், அது ஆராய்ச்சிக்கு. தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் டாக்டர் அதைப் பார்க்கச் சொல்லலாம், அதைச் செய்துவிடுங்கள். மற்றபடி அவர் கேட்கும் கேள்விகள்தான் பரிசோதனை. எந்தச் சத்தம், எந்த நேரம், எத்தனை நாளாக, எதைத் தவிர்க்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். என் தாளில் முதல் வரி 'குக்கர்' என்றிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை.